இடம் மாறிப் புரையேறிய வருடங்கள்

கல்லூரியில் உள்ளூர்ப் பிள்ளைகளைவிட வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகமாகச் சேர்ந்த முதல் வருடம், உணவுக்கூடத்தில் மதிய மணி அடித்துத் தட்டுகள் நிறைந்ததும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது. மறுநாளும் ஏறியது. சமையல்காரர் காரத்தைக் குறைத்தார். குழாய்க்காரர் தண்ணீர்த் தொட்டியை இறங்கிக் கழுவினார். மருத்துவர் வந்து வரிசையாக எல்லோர் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல தொண்டைகளை ஒரே இடத்தில் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எப்போதும்போல எப்போதாவது ஒருவருக்கு ஏறியதோடு சரி.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கல்லூரி வாசலுக்கு எதிரே நகல் கடை வைத்திருந்தவர். ஊரைவிட்டுப் போகிற பிள்ளையானாலும் ஊருக்கு வருகிற பிள்ளையானாலும் சான்றிதழை நகலெடுக்க அவர் கடைப் படியை மிதித்தாக வேண்டும். எனவே யார் இடம் காலியானது, அதில் யார் வந்து உட்கார்ந்தது என்பது அவருக்கு அத்துப்படி. போன பிள்ளைகளின் தாய்மார்கள் மதியம் தட்டில் கை வைக்கும்போது, சாப்பிட்டானோ என்னவோ என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு பிள்ளை இருந்த இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது வேறொரு பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. "நினைப்புக்கு விலாசம்தான் தெரியும், ஆளைத் தெரியாது," என்று அவர் மனைவியிடம் சொன்னார். ஊர் இதை ஒப்புக்கொண்டது. உச்சந்தலையில் தட்டிவிடுவதற்கென்று நிர்வாகம் உணவுக்கூடத்தில் ஓர் ஆளை நியமித்தது.

நகல்கடைக்காரரின் மனைவி அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் தலைமை எழுத்தர். ஊரில் எல்லோரும் அவரைச் சேர்க்கையம்மா என்றே அழைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை முதல்வர் முன்னால் நின்று, "இந்த வருஷமும் சேர்க்கை சரியில்லைங்க," என்று சொல்வது அவர் வேலை. நகல்கடைக்காரர் இதைக் கேட்கும்போதெல்லாம், "அதான் என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே எல்லாரும் சொன்னாங்களே, உன் சேர்க்கை சரியில்லன்னு," என்பார். ஊரில் பிறப்பு குறைந்தது. பிறந்தவையும் பள்ளி முடித்ததும் பறந்தன. இயற்பியல் வகுப்பு பாதியாகி, வரலாற்று வகுப்பு ஒரு பெஞ்சாகி, கடைசியில் புவியியல் துறையை இழுத்துப் பூட்டினார்கள். அதன் பிறகுதான் கடல்தாண்டிய தேசங்களில் விளம்பரம் கொடுத்தது நிர்வாகம். பிள்ளைகள் விமானத்திலிருந்து இறங்கி நேராக நகல் கடைக்கு வந்தார்கள்.

சேர்க்கையம்மாவின் ஒரே மகன் அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டில் இடம் கிடைத்துப் போய்விட்டான். அவன் பெயரை நீக்கி முத்திரை குத்தியது அம்மாவின் கைதான். அந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைச் சேர்த்ததும் அதே கை. வெயிலோ மழையோ குடையை விரித்தபடியே நடந்ததால் அவளைக் குடைக்காரி என்றார்கள். விடுதியில் அறை இல்லையென்று அவள் நகல் கடையில் நின்று கண் கலங்கியதும், மகனுடைய அறையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார் நகல்கடைக்காரர்.

"இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க," என்றார் சேர்க்கையம்மா.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்."

"அந்தப் பழமொழிய சொன்னவளுக்குப் பிள்ளையே இருந்திருக்காது."

குடைக்காரி மகனுடைய கட்டிலில் படுத்தாள், மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள், வகுப்பில் மகனுடைய பெஞ்சில் சாய்ந்தாள். ஆகவே சேர்க்கையம்மா மகனை நினைத்தபோதெல்லாம் அவளுக்குப் புரையேறியது. சேர்க்கையம்மா இதைப் பலமுறை சோதித்துப் பார்த்தார். அடுப்படியில் நின்றபடி, முழங்கையில் தழும்போடு சைக்கிள் மிதிக்கும் மகனை நினைப்பார். அறையிலிருந்து இருமல் கேட்கும். இன்னும் அழுத்தி நினைப்பார். குவளை உருளும் சத்தம் கேட்கும். நகல்கடைக்காரர் ஓடிப்போய் அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கம்மா," என்பார். அந்த 'அம்மா'வும் சேர்க்கையம்மாவின் காதில் விழும்.

மகனிடம் தொலைபேசியில் கேட்டார்.

"தண்ணி குடிக்கிறப்ப புரை கிரை ஏறுதாடா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"சும்மாதான்."

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரியின் மகள் எல்லாப் பாடத்திலும் தோற்று வீட்டோடு இருந்தாள். அவள் அம்மா கடையில் உட்கார்ந்து நினைத்தால் அவளுக்கு வீட்டில் முறையாக ஏறியது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த இருமலைக் கேட்டு வயிறெரிந்தவர் உலகத்திலேயே சேர்க்கையம்மா ஒருவராகத்தான் இருக்கும்.

தன் நினைப்பை ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு வாரிக்கொடுப்பதில்லை என்று ஒருநாள் அவர் முடிவு செய்தார். மகன் நினைப்பு வரும்போதெல்லாம் சேர்க்கை விவரத்தை நினைத்தார். போன வருடத்தைவிட இயற்பியலில் எத்தனை இடம் காலி, பூட்டிய புவியியலில் எத்தனை பெஞ்சு காலி, வெளிநாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் நிற்பார்கள், அடுத்த ஐந்து வருடத்தில் எது ஏறும் எது இறங்கும் என்று நினைத்தார். வீட்டில் இருமல் நின்றது. பூட்டிக் கிடந்த புவியியல் வகுப்பறையில் காலி பெஞ்சுகள் இருமுவதாகக் காவலாளி முதல்வரிடம் புகார் சொன்னார். தச்சரை அனுப்பி ஆணிகளை முடுக்கிப் பார்த்தார்கள்.

குடைக்காரி இளைத்தாள். தண்ணீரை மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு அண்ணாந்து குடித்துப் பார்த்தாள். எதுவும் ஏறவில்லை. அதற்குள் அவள் ஊர் மொழியைத் தத்தித்தத்திப் பேசப் பழகியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்த சேர்க்கையம்மாவிடம், "ஆன்ட்டி, எங்க அம்மா என்னை மறந்துட்டாங்க," என்றாள்.

"போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே."

"போன் இல்ல, ஆன்ட்டி. நான் பத்தாவது படிக்கும்போதே செத்துட்டாங்க. இங்க வந்த பிறகுதான் என்னை நினைக்க ஆரம்பிச்சாங்க. அங்கிள் சொன்னார்ல, யாரோ நினைக்கிறாங்கன்னு. இப்ப நிறுத்திட்டாங்க."

சேர்க்கையம்மா கையிலிருந்த துணியை உதறினார். பிழிந்து முடித்த துணியை மறுபடியும் பிழிந்தார். உயிரோடு இருக்கிறவளாக இருந்தாலும் பரவாயில்லை, செத்துப்போனவள் கணக்கில் போய்ச் சேர்ந்ததா, மகனை இத்தனை நாள் நினைத்த நினைப்பெல்லாம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்மணியின் மேல் வந்த பொறாமை, மருந்துக்கடைக்காரி மேல் இருந்ததைவிடப் பெரிது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "கொடியில இடம் இருக்கு. உன் துணியையும் போடு," என்று மட்டும் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் மகனை நினைத்தார். வேண்டுமென்றே நினைத்தாரா, அடக்கிவைத்தது அறுத்துக்கொண்டு வந்ததா என்று அவரே யாரிடமும் சொன்னதில்லை. குடைக்காரிக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர ஏறியது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

பிறகு வந்த வருடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறி, சட்டம் மாறியதால் இறங்கி, மறுபடி ஏறியது. ஏறிய வருடம் ஒன்றில் நகல்கடைக்காரர், இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தபடியே கடையில் சாய்ந்து இறந்துபோனார். யாரோ ஒருவருடைய சான்றிதழ் கண்ணாடியின் மேல் கிடந்தது. மகனுக்கு அன்றைக்குத் தேர்வு. விமானச் சீட்டும் கிடைக்கவில்லை. குடைக்காரிதான் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். அதற்குள் ஆராய்ச்சிப் படிப்புக்கும் அந்தக் கல்லூரியிலேயே இடம் வாங்கி, அதே அறையில் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "பொண்ணு, அம்மாவை நல்லா பாத்துக்கோ," என்றார்கள். அந்தத் துக்கத்திலும் சேர்க்கையம்மா, "அது பொண்ணு இல்ல, வாடகைக்கு இருக்கா," என்று திருத்தினார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மகன் பேசினான். அவன் குரல் வெகுநாளைக்குப் பிறகு குழைந்திருந்தது.

"அம்மா, கொஞ்ச நாளா சாப்பிட உக்காந்தாலே புரையேறுது. மத்தியானம் சரியா தட்டுல கை வைக்கிறேன், ஏறுது. நீயாம்மா நினைக்கிற?"

அங்கே மதியம் என்றால் இங்கே நடுச்சாமம். சேர்க்கையம்மா அந்த நேரத்தில் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறவர்.

"புது இடம் ஏதாவது மாறினியாடா?"

"ஆமாம்மா. உனக்கு யார் சொன்னா? என்கூடப் படிச்ச உள்ளூர்ப் பையன் ஒருத்தன் வேற நாட்டுக்குப் போயிட்டான். அவன் ரூமும் ஆய்வுக்கூடத்துல அவன் இடமும் எனக்குக் கெடச்சுது."

எங்கோ ஒருத்தி மதியச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் பிள்ளை சாப்பிட்டானோ என்னவோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைக்க வாய்த்த நேரம், சேர்க்கையம்மாவின் மகன் விழித்திருக்கிற நேரம். அந்த ஒருத்தியின் மேல் சேர்க்கையம்மாவுக்கு எழுந்த பொறாமை அவர் ஆயுள் உள்ளவரை தணியவில்லை.

"அம்மா? நீதானே?"

"ஆமாடா," என்றார் சேர்க்கையம்மா. "நான்தான். தூக்கமே வர்றதில்ல. ராத்திரியெல்லாம் உன் நினைப்புதான்."

உள்ளே குடைக்காரி காலைத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு இருமத் தொடங்கினாள். சேர்க்கையம்மா தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் அவள் உச்சந்தலையில் தட்டினார். இதுவரை அதைச் செய்துவந்தவர் அந்த வீட்டில் இப்போது இல்லை.

"அம்மா," என்றாள் குடைக்காரி, மூச்சு திரும்பியதும், கூரையைப் பார்த்து.

"அவங்கதான்," என்றார் சேர்க்கையம்மா. "குடி மெதுவா."

அந்தக் கல்வியாண்டில் சேர்க்கை சரியாக இருந்தது. உணவுக்கூடத்தில் மேசைக்கு இரண்டு தண்ணீர் ஜக் வைத்தார்கள். தலையில் தட்டும் ஆளுக்கு ஓர் உதவியாளும் நியமிக்கப்பட்டார்.