மெயின் சுவிட்சை இறக்கினேன்

ஹட்டனில் ஹலீம் நானாவின் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இரண்டு பழைய சேர்வர்கள் வந்து சேர்ந்தன. ஒரு சேர்வருக்குள் இருபது மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கும் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். எந்த மென்பொருளைக் கொண்டு உருவாக்குவது என்பதில்தான் சண்டை. யாருடையது நன்றாக ஓடுகிறதோ அவருக்கே பொறுப்பாளர் வேலை என்று நானா சொல்லிவிட்டார்.

கொழும்பிலிருந்து வந்த கணேசமூர்த்தி ஒரு சேர்வரில் லைசன்ஸ் உள்ள மென்பொருளைப் போட்டார். இன்டர்நெட் வழியாகக் கொழும்பில் இருந்தபடியே இயக்கலாமாம். மற்றதில் நான் ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம். கட்டுப்பாடு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

"இலவசமெல்லாம் வீட்ல பழகிப் பாக்கத்தான் தங்கச்சி," என்றார் அவர். "அப்பா என்ன செய்றார்?"

"றொசல்ல தோட்டத்துல தேயிலை மலைக்கு மருந்தடிக்கிறாரு. சேர்வர் அதையும் கேக்குமா சார்?"

நானா இருமினார்.

காலை முழுக்க இரண்டும் ஓடின. அவருடைய திரைதான் அழகு. "சோக்கா இரிக்கி," என்று நானா அந்தப் பக்கமே சாய்ந்தார்.

தோட்டத்தில் எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் பன்னிரண்டுக்கும் ஒரே வயர். கரண்ட் போய் வந்தால் யாரும் உடனே எதையும் போடுவதில்லை. முதல் வீட்டுப் பூரணி அக்கா பல்பைப் போட்டுப் பார்த்து, "நிக்குது, போடுங்கடி!" என்று கத்துவார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போடுவோம். எல்லாரும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் போய்விடும். இதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் சேர்வரிலும் அப்படியே வைத்திருந்தேன். எல்லாருக்கும் பொதுவான கோப்புகள் உள்ள கணினி முதலில் எழும்பும்; மற்றவை அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பின்னால் வரும்.

எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அறை இருண்டது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கணேசமூர்த்தி கத்தினார்.

"மழைக் காலத்துல வாரத்துக்கு மூணு தரம் இதான் நடக்கும். மழை உங்ககிட்ட கேட்டுட்டா பெய்யும்?"

சுவிட்சை ஏற்றினேன். அவருடைய இருபதும் ஒரே நேரத்தில் எழும்பப் பார்த்து, ஒன்றையொன்று நெரித்து, அப்படியே நின்றன. சரிசெய்ய இன்டர்நெட் வேண்டும். வெளியே மழை, இணைப்பு இல்லாமல் இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அவர் கொழும்புக்கு போன் போட்டுக்கொண்டே நின்றார். என்னுடையவை ஒவ்வொன்றாக எழும்பின. பத்து நிமிடத்தில் இருபதாவதும் வந்துவிட்டது.

நானா தாடியைத் தடவினார். "சரி புள்ள, ஒங்கட சாமானையே போடுவோம். ஆனா பேப்பர்ல பொறுப்பாளர்னு கணேசமூர்த்தி சேர்ட பேரே இரிக்கட்டும். கொழும்பு ஆள்னா தாய் தகப்பன் நம்புவாங்க."

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"அப்ப கரண்ட் போனா கொழும்புக்கே போன் பண்ணுங்க நானா."

"என்னத்துக்கு கோவப்படுறீங்க?"

"கோவந்தான் படுறேன். வேல எனக்கு, பேரு அவருக்கா? எங்க ஆளுங்க கட்டுன பாதையிலயும் எங்க பேரு இல்ல. இதுலயாவது இருக்கணும்."

கணேசமூர்த்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானா அவர் முன்னாலேயே பேனாவை எடுத்து, பேப்பரில் ஏற்கெனவே எழுதியிருந்த அவருடைய பெயரை வெட்டினார். மேலே 'நாகலெட்சுமி' என்று என் பெயரை எழுதத் தொடங்கினார்.

அவர் கடைசி எழுத்தை எழுதி முடிக்கும்வரை நான் பையை இறக்கவில்லை.