தையற்காரருக்கு ஒதுக்கிய தட்டு

"ஏம்மா, உனக்கு வாயே கிடையாதா?" என்று கடைக்கு வந்த தையற்காரர் என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓர் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டேன். பாட்டு முடியும்வரை நின்றவர், அதையே வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வருவார். நான் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்குவார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மாமாவின் பழைய இசைத்தட்டுக் கடையில்தான் இருக்கிறேன். தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பேன். வாசலோரம் 'கேட்டுப் பாருங்கள்' என்று எழுதிய பெட்டி ஒன்று உண்டு. அதில் எதை வைப்பது என்பதை மாமா என்னிடம் விட்டிருந்தார். மழைச் சத்தத்தோடு பதிவான புல்லாங்குழல், யாருக்கும் பேர் தெரியாத பாடகர்கள் என்று தேடித் தேடி வைப்பேன். போட்டுக் காட்டும்போது எப்போதும் இரண்டாம் பக்கம்தான். முதல் பக்கத்தை ஆளாளுக்குப் போட்டுத் தேய்த்திருப்பார்கள். பின்பக்கம் நேற்று வாங்கியதுபோல இருக்கும்.

கல்லூரி விடுமுறைக்கு மாமா பெண் வந்தாள். வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். வந்த கையோடு பெட்டியும் அவள் வசமாகிவிட்டது.

"அண்ணே, இதைக் கேட்டீங்கன்னா இன்னைக்குத் தூக்கமே வராது!"

"அப்ப வேணாம்மா, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள். சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்வார்கள்.

"பாத்துக் கத்துக்கடி, ஊமைக்கோட்டான்" என்று என் தோளில் இடிப்பாள். அன்பாகத்தான் இடிப்பாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

தையற்காரருக்கென்று மேஜைக்கடியில் ஒரு தட்டை ஒதுக்கியிருந்தேன். அந்த ஒரு தட்டில் மட்டும் பாடிவிட்டுக் காணாமல் போன ஒரு பெண்ணின் குரல். இந்தச் சனிக்கிழமை நான் உள்ளே கழுவிக்கொண்டிருந்தபோது, பட்டாசின் குரல் கேட்டது.

"உங்களுக்குன்னே தேடி எடுத்தேன், அண்ணே."

எட்டிப் பார்த்தேன். அதே தட்டு. முதல் பக்கத்தைப் போட்டாள். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல ஒரே இரைச்சல்.

"வேணாம்மா" என்று தையற்காரர் வாசலுக்குத் திரும்பினார்.

நல்லா வேணும் என்று எனக்குள் ஒருத்தி குதித்தாள். ஆனால் அவர் போனால் அந்தக் குரலைக் கேட்காமலே போவார். திருப்பிப் போட்டாலோ, பேர் அவளுக்குப் போகும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து தட்டைத் திருப்பினேன்.

அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். தையற்காரர் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"பாத்தீங்களா, என் கண்டுபிடிப்பை!" என்றாள் பட்டாசு.

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "யாரு எடுத்தது இது?"

"நான்தான்" என்றேன். "உங்களுக்காக ஒதுக்கி வச்சது. அவ எடுக்கல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தேவைக்கு மேல் சத்தமாகவும் வந்துவிட்டது.

"அடடே, வாய் இருக்கே!" என்று தையற்காரர் சிரித்தார்.

பட்டாசு இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் காலி உறையை என் பக்கம் தள்ளி வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.