முதல்ல காத்தைப் பாருங்க

மூழ்கிய கப்பலின் சாப்பாட்டு அறையில்தான், கடலடியில் இரும்பு ஒட்டும் வேலை பார்த்த வெல்டர் கல்யாணப் பேச்சை எடுத்தார். அது ஆச்சு இருபத்தெட்டு வருஷம். தண்ணீருக்கடியில் வாயைத் திறக்க முடியாதே. பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதி நீட்டினார். சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் வேலையில் இருந்த அந்தப் பெண் பலகையை வாங்கி, 'முதல்ல காத்தைப் பாருங்க' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அவருடைய காற்று மீட்டரில் கால்வாசிதான் மிச்சம். இப்படி ஒரு சம்மதம் உலகத்தில் வேறு எவனுக்கும் கிடைத்திருக்காது.

பேத்தி பிறந்த பிறகு, அந்த அறையை இன்னொரு தடவை பார்த்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். நூறு வருஷத்துக் கப்பல் அது. வட்ட ஜன்னல் வழியே விழும் வெளிச்சமும், தரையோடு முடுக்கிய மேஜைகளும் நேற்றுப் பார்த்தது போல மனசில் இருந்தன. படகில் மனைவி, திரும்பும் வழி தெரிவதற்காக வாசலில் கட்டும் கயிற்றுச் சுருளை எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"நம்ம வீட்டு அடுப்படிக்கு யாராவது கயிறு கட்டிட்டா போவாங்க?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழே, கப்பல் வாசலில் முடிச்சுப் போட நின்றாள். அந்த அரை நிமிஷம்கூட மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. தனியாக உள்ளே நீந்திவிட்டார். இடது பக்கம் மூன்றாவது கதவு. அறை அப்படியே இருந்தது, வெளிச்சம் உட்பட. அவருக்குக் கண் கலங்கியது.

அவர் விட்ட மூச்சுக்குமிழிகள் மேலே போய் முட்ட, துருப்பிடித்த கூரைத் தகடு ஒன்று பெயர்ந்து விழுந்தது. பல வருஷத்துச் சேறு கிளம்பி அறையை மூடியது. தன் கையே தெரியவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் இரும்புச் சுவர்தான் தட்டுப்பட்டது. பதறினால் காற்று சீக்கிரம் தீரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். பேத்தியின் முகம் வந்து போனது.

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். விரல்களைக் கயிற்றின் மேல் வைத்து அழுத்தினார்கள். அந்தப் பிடி அவருக்குத் தெரியும். கயிற்றைத் தடவிக்கொண்டே வெளியே வந்த பிறகுதான், தான் திசை மாறி எதிர்ச்சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது புரிந்தது.

மேலே போகும் வழியில், உடம்பு அழுத்த மாற்றத்துக்குப் பழக, நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்க வேண்டும். அவள் பலகையை எடுத்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தார். கோணலான எழுத்தில், 'நீங்க இல்லாம நான் எந்த வீட்டுக்குப் போவேன்?' என்று இருந்தது.

அவள் கேட்காமலேயே அவர் தன் மீட்டரைத் திருப்பிக் காட்டினார். முள் அடிமட்டத்தில் நின்றது. அவள் தன் சிலிண்டரின் இரண்டாவது குழாயை எடுத்து அவர் வாயில் வைத்தாள். தண்ணீருக்கு மேலே தலை தெரியும்வரை இரண்டு பேரும் அந்த ஒரு சிலிண்டரில்தான் சுவாசித்தார்கள்.