ஜேபஸ் திருப்பிய பீரங்கி

நகர மன்றத் தலைவர் பாராட்டுரையை உரக்கப் படித்தார். "குழுவிலிருந்த ஐவரும் விழுந்த பிறகு, தனி ஆளாக இரண்டு மணி நேரம் பீரங்கியை இயக்கி, பின்வாங்கிய காலாட்படையைக் காப்பாற்றிய சார்ஜெண்ட் ஜேபஸ் டிராண்டர்..."

கூட்டம் தொப்பிகளை வீசி ஆர்ப்பரித்தது. மார்பில் வீரத்துக்கான விக்டோரியா சிலுவைப் பதக்கத்தோடு நின்ற ஜேபஸ், மூன்றாவது வரிசைப் பக்கம் கண் போகாமலிருக்கப் பெரும்பாடு பட்டான். அங்கே கறுப்பு உடையில் வினி கார்பெட் உட்கார்ந்திருந்தாள். விழுந்த ஐவரில் அவள் கணவன் சைலஸும் ஒருவன். ஜேபஸும் சைலஸும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பட்டறையில் இரும்புச் சங்கிலி அடித்து, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்ததுமே உலையடியிலிருந்து ஆம்ப்ரோஸ் குரல் கொடுத்தான்.

"வாங்க வீரரே! சம்மட்டியை நீங்களே தூக்குவீங்களா, இல்ல பேண்டு வாத்தியம் வரணுமா?"

"வாயை மூடிட்டு துருத்தியை ஊதுடா."

எல்லாரும் சிரித்தார்கள். மேடைப் புகழ்ச்சியைவிட அந்தக் கிண்டல் அவனுக்கு இதமாக இருந்தது.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனான். பொதுமுற்றத்தில் வினி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"பிடி."

இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள்.

"அந்த நொடியே உயிர் போயிடுச்சு, வலியே தெரியலன்னு ஆபீசர் எழுதியிருந்தாரு. எல்லா வீட்டுக்கும் அதையேதான் எழுதியிருக்காரு. நீ சொல்லு, ஜேபஸ்."

"வேணாம், வினி."

"சனிக்கிழமை மேடையிலேருந்து ஊரையே பார்த்தே. என்னை மட்டும் பார்க்கல. சொல்லு."

அவன் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரே மூடுபனி. எதிரி நேரா வரல, இடப்பக்கமா வந்துட்டான். பீரங்கியைத் திருப்பினாத்தான் சுட முடியும். மத்த நாலு பேரும் செத்துட்டாங்க. சைலஸுக்குத் தொடை சிதறிப்போச்சு. சக்கரத்தை ஒட்டிக் கிடந்தான்."

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

அவள் கை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"இழுத்து அந்தாண்ட போட்டிருக்கலாமே."

"அதுக்குள்ள வந்து சேர்ந்திருப்பாங்க. பின்னாடி எண்ணூறு பேர் இருந்தாங்க." போர்வையை இன்னொரு சுற்று முறுக்கினான். "அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். நேரம் இருந்துச்சா இல்லையான்னு சத்தியமா எனக்கே தெரியல. சக்கரம் அவன் மேல ஏறும்னு தெரிஞ்சேதான் திருப்பிட்டேன், வினி."

"ஏதாவது சொன்னானா?"

"'இரு, ஜேப், இரு'ன்னான்."

வினி போர்வையை அவன் கையிலிருந்து உருவிக் கொடியில் போட்டாள். சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அத்தைக்குத் தெரிய வேணாம். அந்தக் கடிதத்தை வெச்சுத்தான் அவங்க உயிரோட இருக்காங்க." அப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட சொல்லிட்டோம், பாதி பாரம் இறங்கிடுச்சுன்னு நினைக்காதே. நான் வாங்கிக்க மாட்டேன். முழுசும் உன்னோடதுதான்."

அடுத்த ஆண்டு நவம்பரில் தேவாலயத்தின் முன்னால் நினைவுத்தூண் திறந்தார்கள். மலர்வளையத்தை ஜேபஸ்தான் வைக்க வேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நின்றது. வைத்துவிட்டுத் திரும்பியவனின் கையைச் சைலஸின் தாய் இறுகப் பற்றிக்கொண்டாள். வினி அவளுக்குத் தோள் கொடுத்து நின்றாள்.

"கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியேப்பா, அது போதும் எனக்கு. அவன் கஷ்டப்படலையே?"

வினி இமைக்காமல் அவனையே பார்த்தாள்.

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியல அவனுக்கு."

கிழவி அவன் கைக்கு முத்தமிட்டாள்.

அதன்பிறகு முப்பத்தொரு ஆண்டுகள், எதிரெதிர் வீடுகளில்தான் ஜேபஸும் வினியும் இருந்தார்கள். ஜேபஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் காலையில் வினி பெயர் சொல்லி வணக்கம் சொல்வாள், அவனும் சொல்வான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர்களுக்குள் நடந்ததில்லை.