எட்டுக் கேள்விகளில் ஓர் எழுத்து

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. சிறுவர் சஞ்சிகை ஒன்றுக்குத் ‘துவித எண் என்றால் என்ன?’ என்று இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நான் பஹீமா, தமிழ் படிப்பிப்பவள். கணினியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டச்சு செய்வதும், அது இறுகிப்போனால் அணைத்துவிட்டு மறுபடி போடுவதும்தான்.

முதல் தொடக்கம்: கணினிக்கு இரண்டே இரண்டு இலக்கங்கள்தான் தெரியும். ஒன்று பூச்சியம், மற்றது

(விட்டுவிட்டேன். ‘ஒன்று பூச்சியம், மற்றது ஒன்று’ என்றால் எந்தப் பிள்ளைக்குத் தலை சுற்றாது?)

இரண்டாம் தொடக்கம்: வீட்டிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். போட்டால் வெளிச்சம், அணைத்தால்

(இதுதான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறதே.)

மூன்றாவதை எழுதவில்லை. ஏறாவூரிலிருந்து பஸ் பிடித்துத் தேற்றாத்தீவுக்குப் போனேன். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த தக்சிகா அங்கே இருக்கிறாள். பாடசாலையில் கணினி படிப்பிக்கிறாள். கட்டுரைக்கு அவளிடம் உதவி கேட்கலாம், படுக்கையில் இருக்கும் அவள் கணவர் சுபாகரனையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

2

சுபாகரன் கல்முனை–மட்டக்களப்பு பஸ்ஸில் கொண்டக்டர். மிதிபலகையில் நின்றபடி ஊர்ப் பெயர்களை அவர் கூவுவது கடல் பக்கமும் கேட்கும், வாவிப் பக்கமும் கேட்கும். டிக்கெட் கொடுக்கும் இடைவெளியில் யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை என்று விசாரித்துவிடுவார்.

ஒரு காலையில் பஸ்ஸிலேயே விழுந்தார். பாரிசவாதம். மூளையின் அடித்தண்டில் இரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. கையும் காலும் அசையவில்லை, நாக்கும் அசையவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், “நாங்க கதைக்கிறது அவருக்கு விளங்கலாம், விளங்காமலும் இருக்கலாம்” என்றாராம்.

(இந்த இடத்தில் தக்சிகா எப்படி அழுதாள் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, “நான் அண்டைக்கு அழல்லகா. பசிச்சது. பணிஸ் வாங்கித் திண்டன்” என்றாள். பந்தியை எடுத்துவிட்டேன்.)

ஒருநாள் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது, “தண்ணி சூடா இருக்கா?” என்று பழக்கத்தில் கேட்டிருக்கிறாள். கருவிழிகள் மேலே போயின. தற்செயலோ என்று சந்தேகம். பஸ் டிரைவரின் பெயரைச் சொல்லி, “நான் அஸ்கரா?” என்று கேட்டாள். கண்ணை மூடினார். “நான் தக்சிகாவா?” கண்கள் மேலே போயின.

மேலே பார்த்தால் ஓம். மூடினால் இல்லை. அந்த இரண்டும்தான் அவரிடம் மிஞ்சியிருந்தன.

3

“துவிதமும் இவ்வளவுதான்” என்றாள் தக்சிகா. “கணினிக்குள்ள எழுத்தும் இல்ல, படமும் இல்ல. மின்சாரம் இருக்கு, இல்ல. அதைத்தான் நாம ஒண்டு, பூச்சியம் எண்டு எழுதுறம்.”

“இரண்டை வைத்து எப்படி எல்லாவற்றையும் சொல்வது?” கட்டுரைக்காகத்தான் கேட்டேன்.

கட்டிலுக்கு எதிரே சுவரில் தமிழ் எழுத்து அட்டை ஒட்டியிருந்தது. “தமிழில எத்தின எழுத்து? நீதானே தமிழ் டீச்சர்.”

“இருநூற்று நாற்பத்தேழு.”

“ஒவ்வொண்டாக் கேட்டா மனிசன் களைச்சுப்போவார். பாதியாக் கேக்கணும். முதல் பாதியிலயா? ஓம் எண்டா மற்றப் பாதியை விட்டுரலாம். மிச்சத்தில திரும்பவும் பாதி. மறுகா அதில பாதி. எட்டே எட்டுக் கேள்வியில எந்த எழுத்தையும் பிடிச்சிரலாம். எட்டு ஓம்-இல்ல சேர்ந்தா இருநூற்றைம்பத்தாறு விதம் வரும். நம்மட எழுத்து முழுக்க அதுக்குள்ள அடங்கும்.”*

(* கட்டுரையானால் இதையும் சொல்லியாக வேண்டும்: கணினி தமிழை அப்படியே இந்த முறையில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத்தான் ஒன்றும் பூச்சியமுமாகச் சேமிக்கிறது. ‘போ’ நமக்கு ஓரெழுத்து. அதற்கோ ‘ப’வுக்கு ஓர் எண், பக்கத்தில் வரும் ஓகாரக் குறிக்கு இன்னோர் எண்.)

4

சுபாகரனின் அக்கா புஸ்பம் கரடியனாற்றிலிருந்து வந்திருந்தார். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதினேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் தம்பியின் குதிக்காலில் புண் வந்துவிடாதபடி துணியைச் சுருட்டி அண்டை கொடுத்தவரும் அவர்தான். அப்படிச் செய்தவரை என்னால் கொடுமைக்காரியாக்க முடியவில்லை.

தக்சிகாவின் லீவு முடிந்திருந்தது. தம்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் புஸ்பம் அக்கா வந்திருந்தார்.

“கண் ஆடுறத வச்சு, அவனுக்கு எல்லாம் விளங்கும் எண்டு நீ நினைக்கிறாய் புள்ள. எனக்கும் ஆசைதான். தானா ஆடினா என்ன செய்யிற?”

“அவரிட்டயே கேப்பம் மச்சாள்” என்ற தக்சிகா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “அக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு போறாவாம். அங்க ஆக்கள் இருக்கும். நான் பள்ளிக்குப் போனா இஞ்ச உங்களை ஆர் பாக்கிற? என்னோட இருந்து கஷ்டப்படாம, போறீங்களா?”

கண்கள் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. நேராக அவளையே பார்த்தன.

“எழுத்தா?”

மேலே.

தக்சிகா அட்டையில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். இல்லை. ஓம். ஓம். ஓம். இல்லை. இல்லை. ஓம். இரண்டு எழுத்துகள் மிஞ்சின.

“பொ?”

கண்ணை மூடினார். அப்படியானால் போ.

“போறன் எண்டுதான் சொல்றான்” என்றார் புஸ்பம் அக்கா. அவர் குரலில் வெற்றி இல்லை; அழப்போகிறவர்போல் இருந்தது. தக்சிகா அடுத்த எழுத்துக்கு விரலை வைத்தபோது சுபாகரன் கண் களைத்து உறங்கிவிட்டார். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

5

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. போகமாட்டன். தக்சிகா அவர் மார்பில் முகம் புதைக்கிறாள். வெளியே வாவியில்

(வேண்டாம்.)

ஆ. போறன். அவளுக்குப் பாரமாக இருக்க அவருக்கு மனமில்லை. வான் புறப்படுகிறது. அவள் கைகாட்டுகிறாள், திருப்பிக் காட்ட அவருக்கு

(இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

இரண்டையும் தொலைபேசியில் தக்சிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். “மச்சாளைப் போலத்தான் நீயும். அவர் சொல்லி முடிக்க முந்தி நீ முடிச்சிட்டாய்.”

6

நடந்தது இதுதான். பின்னேரம் கண் விழித்ததும் அட்டையையே பார்த்து அவரே எழுத்துக் கேட்டிருக்கிறார். புஸ்பம் அக்காவும் அட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ட-வரிசைவரை வந்தார்கள். கடைசியில் டா, டி இரண்டும் மிஞ்சின.

“டா வா?” என்று கேட்டாள் தக்சிகா.

இல்லை.

போடி.

“என்னோட இருந்து கஷ்டப்படாம போறீங்களா எண்டு கேட்டன்தானே பஹீமா. அதுக்குத்தான் போடி எண்டார். விசர்க் கேள்வி கேக்காத எண்டு. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் இப்பிடி ஏதும் கேட்டா இதுதான் பதில்.” சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத குரலில் சொன்னாள். “ஓம் எண்டிருந்தா, இல்ல எண்டிருந்தா, ஆரும் சொல்ற பதில். இது இவர் கதைச்சது.”

புஸ்பம் அக்கா அட்டையின் கீழ் அப்படியே தரையில் குந்திவிட்டாராம். “தம்பி உள்ளுக்க இருக்கான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிறகு எழுந்து போய், தம்பிக்காகக் கட்டிவைத்த பையை அவிழ்த்திருக்கிறார். நெல் வேளாண்மை வெட்டும் காலத்தில் மட்டும் அக்கா கரடியனாற்றுக்குப் போய்வருவாராம். மற்ற நாள்களில் இங்கேதான்.

கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை. இந்தக் கதைக்கும் முடிவு போட எனக்கு மனமில்லை. இன்று திங்கட்கிழமை. தக்சிகா பாடசாலையில் இருக்கிறாள். காலையில் சுபாகரன் மறுபடி எழுத்துக் கேட்டிருக்கிறார். புஸ்பம் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டையில் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த விதத்தில் பாதி பிரித்திருக்கிறார். தக்சிகாவின் குறுஞ்செய்தியில் இவ்வளவுதான் இருந்தது. என்ன சொல்ல நினைக்கிறார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊகிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு, என் இடத்தை உங்களுக்கு விடுகிறேன். கட்டிலோரம் வாருங்கள். அவர் கண்களைப் பாருங்கள். அக்கா கேட்டுவிட்டார்:

“முதல் பாதியா தம்பி?”