இரண்டாம் வித்தியாசம்

"ஏம் அம்மிணி, ரெண்டு முனையும் தெரிஞ்சா நடுவுல இருக்கறதைச் சொல்லீரலாமா?"

மாரப்பன் இப்படிக் கேட்டது மாசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமாத்தாள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்து பாதி வருஷம் ஓடியிருந்தும், என்ன படிக்கிறாய் என்று வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. காலையில் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறுகிறாள், இருட்டுவதற்குள் வந்து இறங்குகிறாள், அவ்வளவு தெரிந்தால் போதும் அவர்களுக்கு. அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரத் தலையோடு உட்கார்ந்து விளக்கினாள். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமமாகப் பங்கு போட்டு, படி இறங்குவதுபோல இறக்கிக்கொண்டே வரவேண்டியதுதான். எதற்கென்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. படித்த பிள்ளை என்றால் சும்மாவா என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அன்று முழுக்க அந்தத் தட்டு அவளுக்கு இனித்துக்கொண்டே இருந்தது.

மாரப்பனுக்கு வாய்க்கால் தலைமதகில் கேஜ் பார்க்கும் வேலை. மதகுச் சுவரில் கோடு போட்ட அளவுகல் பதித்திருக்கும். தினமும் காலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பல நாள் மதகுக் கொட்டகையிலேயே தங்கிவிடுவான், வீட்டில் யாரும் தேட மாட்டார்கள். வேலை தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் உத்தரவு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தான். அது வந்தால்தான் பெண் தருவேன் என்று வண்ணாமடையில் ஒரு மாமனாரும் காத்திருந்தார்.

அதே மாசியில்தான், மாத நடுவில் ஒரு வாரம் கடைமடையில் தண்ணீர் நின்றுபோனது. வாய்க்கால் முடியும் இடத்தில் இருந்த காடுகளில் கடலைச்செடி பூத்த நிலையில் காய்ந்து சுருண்டது. ராமாத்தாளின் அப்பா அப்புசாமிக் கவுண்டர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அந்த வாரம் வாய்க்காலில் தண்ணீரே விடவில்லை என்று பாசன ஆபீசுக்கு மனுக் கொடுத்தார். பதில் வந்தது. தலைமதகுக் கணக்குப்படி அந்த வாரம் தண்ணீர் ஓடியிருக்கிறது, மனுவில் சொன்னது உண்மையல்ல என்று. மகனைக் கேட்டார். கல்லில் பார்த்ததைத்தான் எழுதினேன், கடைமடையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றான் மாரப்பன். அப்படியானால் நடுவில் எவனோ மறித்துக் குடித்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார். நடுவில் இருந்தது பொங்கியண்ணன் காடு. பங்காளி முறைதான், ஒன்றாகப் பழனிக்குப் போனவர்கள். அன்றிலிருந்து அப்புசாமி அவரிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் வரப்பு மாறிப் போவார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நியூமெரிக்கல் வகுப்பில் அனந்தராமன் சார் எல்லோருக்கும் சைக்ளோஸ்டைல் எடுத்த தாள் ஒன்றைக் கொடுத்தார். கல்பாத்திக்காரர், வெற்றிலை வாயோடு வருவார், கரும்பலகையைத் துடைத்த பிறகுதான் துப்பப் போவார். புத்தகத்துக் கணக்குகள் எல்லாம் யோக்கியமானவை என்றும், நிஜத்தில் அளந்த எண்கள் பொய்யும் சொல்லும் என்றும், அந்தப் பொய்யைப் பிடிக்கத் தெரியாதவன் இந்தப் பாடத்தைப் படித்துப் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார். எஞ்சினியர் ஒருவர் அவருக்குச் சிநேகிதராம். ஏதோ ஒரு வாய்க்காலின் நீர்மட்டக் கணக்கைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

தாளின் தலைப்பை ராமாத்தாள் இரண்டு முறை படித்தாள். அண்ணன் மதகு. மாசி மாதம்.

வேலை எளிதுதான். ஒவ்வொரு எண்ணையும் அடுத்த எண்ணிலிருந்து கழித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். அது முதல் வித்தியாசம். அந்த வித்தியாசங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் இரண்டாம் வித்தியாசம். எங்காவது ஓர் எண் தவறாக இருந்தால், அந்தத் தவறு வரிசைக்கு வரிசை விசிறிபோல விரிந்து பெரிதாகிக் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு கணக்கு இயந்திரம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அறை முழுக்கக் கடகடவென்று சத்தம், நடுநடுவே அதன் மணி.

கடைசி வாரத்தில் ஓர் எண் துள்ளிக்கொண்டு நின்றது. எல்லோரும் அதைப் பிடித்துவிட்டார்கள். ராமாத்தாளின் கண் அங்கே போகவில்லை. மாதத்தின் நடுவில் அவளுடைய இரண்டாம் வித்தியாசத்தில் பூஜ்யம் விழுந்தது. அதன் கீழே இன்னொரு பூஜ்யம். அதன் கீழேயும். மற்ற நாட்களில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவும் கொஞ்சம் குறைவாகவும் தன் இஷ்டத்துக்கு இறங்கியிருந்தது. அந்த வாரம் மட்டும் படி வைத்துக் கட்டியதுபோல ஒரே அளவாக இறங்கியிருந்தது. அவள் சொல்லிக் கொடுத்த படி.

துள்ளிய எண்ணை மட்டும் வட்டமிட்டு நீட்டினாள். சார் பார்த்துச் சிவப்பு மையால் சரி போட்டார். "பேஷ், கொழந்தே. கண்ணு நன்னா ஓடறது உனக்கு" என்றார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கூடை வைத்திருந்த கிழவி ஒருத்தி, ஏன் இப்படிச் சூடுபட்ட பூனை மாதிரித் தவிக்கிறாய் என்று கேட்டேவிட்டாள். ஊர் வந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே மதகுக்கு நடந்தாள்.

மாரப்பன் மதகுச் சுவர்மேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடம் நேரமே உட்டாச்சாட்ட இருக்குது" என்றான். கல்லூரியும் அவனுக்குப் பள்ளிக்கூடம்தான்.

"மாசியில அந்த வாரம் நீ எங்கண்ணா போயிருந்தே?"

அவன் மறைக்கக்கூட இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி ஒரு தோப்பில் சேவல்கட்டு. முதல் நாளே இவன் சேவல் ஜெயித்துவிட்டது. ஜெயித்த சேவலோடு எவனாவது உடனே ஊர் திரும்புவானா? அங்கேயே தங்கிவிட்டான். திரும்பி வந்தபோது தண்ணீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த நாட்களை நிரப்பினான்.

அவள் பூஜ்யங்களைப் பற்றிச் சொன்னாள். அவன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லை."

"அப்பறமென்ன. நீதான சொல்லிக் குடுத்தே. வாத்தியாரம்மாளே வந்து வழக்குப் பேசுனா எப்படி?"

"நடுவுல ஒண்ணும் நடக்காம இருந்தாத்தாண்ணா அந்தக் கணக்கு. எவனாச்சும் தண்ணிய நிறுத்திப்போட்டா அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதையும் சேத்திச் சொல்லீருக்கோணும்."

பொங்கியண்ணன் பெரியப்பாவைத் திருடன் என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிகிறாரே என்றாள். பேசினால் அவர்கள் இருவரும் ஊரையே கூட்டுவார்கள், இப்போது காது குளிர இருக்கிறது என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். உத்தரவு அடுத்த மாதம் உறுதியாக வருகிறது. வந்ததும் அப்பாவிடம் தானே சொல்லிவிடுவதாகவும், அதுவரை வாயைத் திறக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டான். அவள் தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டியது எளிதாக இருந்தது, அதோடு இருப்பதுதான் முடியவில்லை. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் அதில் கழித்தல் போட்டாள். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். வரப்பில் பொங்கியண்ணன் வருவதைக் கண்டு அப்பா ஒதுங்கும்போதெல்லாம், தானே ஒளிந்துகொள்வதுபோல அவளுக்கு முகம் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள்முன் வைத்தார். ஆபீசிலிருந்து ஆள் வந்திருந்தானாம். பொய் மனுக் கொடுத்தவர்கள் அது தவறு என்று எழுதிக் கொடுத்தால்தான் இந்தப் போகத்துக்குத் தண்ணீர் முறை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மற்ற நாலு பேரும் எழுதிக் கொடுத்தாயிற்று. இவர்தான் பாக்கி. எழுதுவது மலையாளத்தில் இருக்க வேண்டும், அவருக்கோ தமிழில் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

"எழுது சாமி" என்றார். "நாங்க சொன்னது பொய்யின்னு எழுதோணுமாம். நீ தப்புன்னு போடு, போதும்."

அவள் தேதி எழுதினாள். அப்பாவின் பெயரை எழுதினாள். மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கம்மஞ்சோறு கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக் குடுத்துருங்கப்பா" என்றான் தலையைத் தூக்காமல். "ஒரு கையெழுத்துத்தானுங்களே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கப்பா, தண்ணி தெனமும் ஒரே அளவா எறங்குமுங்களா?"

"தண்ணி என்ன கூலிக்காரனா, ஒரே அளவா வேலை செய்யறதுக்கு?" என்றார் அப்பா. "அதுக்கென்ன இப்ப?"

"எறங்குனதா எழுதியிருக்குதுங்க. நீங்க மனுக் குடுத்த அந்த வாரம் மட்டும். ஒரு மயிரிழை கூடலீங்க, கொறையலீங்க. நானே கணக்குப் போட்டுப் பாத்தேனுங்க. நீங்க சொன்னது தப்பில்லீங்கப்பா."

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். பிறகுதான் மெல்லத் திரும்பினார்.

"கல்லைப் பாத்தியாடா நீ?"

இல்லை என்றோ ஆமாம் என்றோ ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்தார். ராமாத்தாளும் காத்திருந்தாள். அண்ணன் என்ன சொன்னாலும் அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மாரப்பன் சட்டியில் மீதி இருந்ததைக் குடிக்கவில்லை. எழுந்து தொட்டியில் கையைக் கழுவினான். கொடியில் கிடந்த சட்டையை உருவி மாட்டிக்கொண்டான். பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் போட்டான். அப்பாவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் படலைத் தாண்டினான். மதகுக்குப் போகிற வழியில் திரும்பாமல், பஸ் ரோட்டுப் பக்கமாக மிதித்துப் போனான்.