பெட்டியிலிருந்த திமிங்கலப் பல்

"நீ மட்டும் அந்தப் பல்ல வாங்கக் கைய நீட்டின, அதோட என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாத!"

"கத்தாத சலோத்தே. பெரியவங்க பாயில வந்து உக்காந்தாச்சு. திருப்பி அனுப்ப முடியுமா?"

"ஏன், வாய் இல்லையா? ரக்பி மேட்ச்ல ரெஃபரியத் திட்டுறப்ப மட்டும் நல்லா வருதே!"

சமையல் கொட்டகையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மகெரெத்தாவுக்கு, பின்வாசலில் அப்பாவும் அத்தையும் போடும் சண்டை ஒரு சொல் விடாமல் கேட்டது.

கூடத்தில் காத்திருப்பவர்கள் இசிரேலியின் ஆட்கள். இசிரேலி அப்பாவின் பங்காளி. மகெரெத்தாவுக்குப் பதினொரு வயதில் பாலியல் கொடுமை செய்தவன். இப்போது அவளுக்கு இருபத்துநான்கு. போன வாரம்தான் அத்தையோடு ஊருக்கு வந்து போலீசில் எழுதிக் கொடுத்தாள். உடனே ஊர் வழக்கப்படி திமிங்கலப் பல்லோடு மன்னிப்புக் கேட்க வந்துவிட்டார்கள். அப்பா அதை வாங்கிவிட்டால் விஷயம் புதைந்த மாதிரி. அப்புறம் அவளுக்காகச் சாட்சி சொல்ல ஊரில் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

பதிமூன்று வருஷம் முன்பும் இப்படித்தான் பல்லோடு வந்தார்கள்; அப்பா வாங்கினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறே இசிரேலி அதே பாயில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டான். அத்தை மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உன் துணிய எடு. நீ சொன்னத நான் நம்புறேன்" என்று அவளைத் தலைநகர் சுவாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே ஒரே அறை. கதவை ஒட்டி அத்தை படுப்பார். சனிக்கிழமை தவறாமல் அவளை நெட்பால் ஆடக் கூட்டிப் போவார். பல வருஷம் அவள் அலறிக்கொண்டு எழுந்தாள். அத்தை ஒருநாளும் "இன்னுமா?" என்று கேட்டதில்லை.

சண்டை நின்றது. அப்பா கூடத்துக்குள் போய்விட்டார்.

மகெரெத்தா கத்தியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். பெண்கள் உட்காரும் வாசல் பக்கம் நிற்காமல், நேராக அப்பா அருகில் போய் உட்கார்ந்தாள். பல்லை நீட்டிப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் நிறுத்தினார். அப்பாவின் கை பாதி தூரம் போயிருந்தது.

"அப்பா, இந்தத் தடவ என்கிட்ட கேளுங்க."

கை அங்கேயே நின்றது.

"என்னம்மா சொல்ற?"

"வேணாம்ப்பா."

அப்பா எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், கறுத்துப்போன பழைய பல் ஒன்றைப் பெரியவர் முன்னால் வைத்தார்.

"பதிமூணு வருஷம் முன்னாடி இவகிட்ட கேக்காம வாங்கினது. என் தப்பு. இதையும் எடுத்துட்டுப் போங்க."

"விலிகேசா, சொந்தத்தையே அறுக்குறியா?" என்று அப்பாவைக் கேட்டார் பெரியவர்.

வாசலிலிருந்து அத்தை சொன்னார்: "அறுத்தது யாருன்னு இசிரேலிகிட்டப் போய்க் கேளுங்க."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவர்கள் பெஞ்சில் மூன்றே பேர்; மற்ற சொந்தங்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. மகெரெத்தாவுக்கு இப்போதும் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஆனால் சாட்சிப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருக்கிறது.

படித்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படி நடந்திருந்தால், முதலில் நம்பியவர் யார்? அவர் என்ன சொன்னார், என்ன செய்தார்? பெயர் வேண்டாம். கீழே எழுதுங்கள்.